திருப்பிப் பார்க்கும் மேடம்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மனிதனுடைய மார்பில் ஒட்ட வேண்டிய ஒரு பொருளை ஆம்புலன்சின் பின்கதவுக் கண்ணாடியில் ஒட்டியவன் நான். ஒட்டியதோடு நிற்காமல் அதன் மேல் ஏழுமலையான் நாமம் ஒன்றையும் ஒட்டி, சாமியையும் என் தப்பில் பங்காளியாக்கினேன். சரியாக ஆறாம் நாள் என் மார்பிலேயே ஓட்டை விழுந்தது. இதில் ஏதாவது தத்துவம் இருக்கிறதா என்று தேட வேண்டாம். முட்டாள்தனம்தான் இருக்கிறது. அது என்னிடம் எப்போதும் கையிருப்பில் உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, மேடத்தைப் பற்றி. சித்தூரில் இரண்டு வருஷம் நாங்கள் ஒரே வண்டியில் வேலை பார்த்தோம். ஆம்புலன்சில் இரண்டு பேர் இருப்போம். ஓட்டுகிறவனுக்கு ஆபீஸ் கடுதாசியில் பெயர் பைலட். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது நகரியில் என் மாமியார் பவர்லூம் சத்தத்தையும் மீறிக் கத்தி, மாப்பிள்ளை பைலட் ஆகிவிட்டார் என்று தெருவுக்கே அறிவித்தார். நானும் மறுக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்தத் தெருவைப் பொறுத்தவரை நான் ரேணிகுண்டா ஏர்போர்ட்டிலிருந்து ஹைதராபாத்துக்குப் பறந்துகொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் சைரன் போட்டுக்கொண்டு அதே தெரு வழியாகப் போக வேண்டி வந்தது. என் விமானம் அன்றைக்குத் தரை இறங்கியது.

பின்னால் நோயாளியோடு உட்காருகிறவர் டெக்னீஷியன். அவர்தான் மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பாலசமுத்திரம் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவர். அமைதியாக இருந்தால் தமிழ் பேசுவார், பொறுமை போனால் தெலுங்கு. என்னிடம் பேசியதில் முக்கால்வாசி தெலுங்கு. அதிலும் பெரும்பகுதி இரண்டே சொல், "நோரு முய்யி அண்ணா." வாயை மூடு என்று அர்த்தம். இரண்டு வருஷத்தில் நான் சொல்லத் தொடங்கிய கதைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் முடிந்திருக்கின்றன.

மேடத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்ப்பார். டீ குடிக்கும் முன் கிளாஸைத் தலைக்கு மேலே தூக்கி அதன் அடியைப் பார்ப்பார். ஓட்டலில் தோசை வந்தால் முதலில் அது குப்புறப் படுக்க வேண்டும். தக்காளி வாங்கும்போது ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பதைப் பொறுக்கமாட்டாமல் தள்ளுவண்டிக்காரர் ஒருநாள், "இன்னாம்மா, தக்காளிக்கு முதுகு புடிச்சி வுடறியா?" என்று கேட்டார். மேடம் மூன்று தக்காளிகளைக் கவிழ்த்து அவர் முன்னால் வரிசையாக வைத்தார். மூன்றிலும் அடியில் ஓட்டை. அதற்குப் பிறகு மேடம் வந்தால் மட்டும் அந்த மனிதர் தானே தக்காளியைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் தராசில் போடுவார்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையையும் சொல்ல வேண்டும். திருத்தணிப் பக்கத்து வரன். சொந்த வீடு, சொந்த கார் என்று தரகர் சொல்லியிருந்தார். காரிலேயேதான் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு மேடம் தோட்டத்து வழியாக வெளியே போய், காரை ஒரு சுற்றுச் சுற்றி அதன் பின்கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். கண்ணாடி நிறைய ஏதோ ஒரு டிராவல்ஸின் பெயர், கீழே வாடகைக்கு அழைக்க வேண்டிய நம்பர். உள்ளே வந்து மாப்பிள்ளையிடம், "வண்டிய எத்தினி மணிக்கு திருப்பி வுடணும்?" என்று மட்டும் கேட்டாராம். மாப்பிள்ளை யோசிக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

இதையெல்லாம் சிரிப்பதற்காகத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், புத்தூர் ரோட்டில் அந்தப் பால்காரர் விழும் வரைக்கும். மொபெட்டோடு சரிந்து கிடந்தார். முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. கூடி நின்றவர்கள் அத்தனை பேரும் அந்த முழங்காலையே பார்த்து, எலும்புக் கட்டுக்குப் பேர் போன புத்தூர் இதோ பக்கத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள். மேடம் முழங்காலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பால்காரரின் முதுகுக்கும் ரோட்டுக்கும் நடுவே கையை நுழைத்துத் தோளிலிருந்து இடுப்பு வரை மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தார். வெளியே எடுத்தபோது கையுறை சிவப்பாக இருந்தது. நசுங்கிய பால்கேனின் விளிம்பு இடுப்புக்கு மேலே ஆழமாகக் கிழித்திருக்கிறது. ஊரே முழங்காலுக்கு வைத்தியம் பேசிக்கொண்டிருந்தபோது ரத்தம் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வரும்போது மேடம் சொன்னார்: "முன்னாடி பாக்கறதுக்கு ஊரே நிக்கும் அண்ணா. பின்னாடிதான் ஆளே இருக்காது."

அன்றிலிருந்து நானும் எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் முயற்சியிலேயே ஓட்டலில் சாம்பார்க் கிண்ணத்தைத் திருப்பிவிட்டேன். மேடம் இரண்டு சொல் சொன்னார்.

இனி அந்த ஒட்டுப் பொருள். மேடம் ஒருமுறை திருப்பதிக்கு நாலு நாள் பயிற்சிக்குப் போனார். அங்கே சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடம் கேட்ட கேள்விகளில் மகிழ்ந்து ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். செஸ்ட் சீல் என்று பெயர். எங்கள் வண்டிக்குக் கொடுக்கிற சாமான் பட்டியலில் அது கிடையாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, கண்ணாடி போன்ற ஒட்டு வில்லை. ஒரு பாக்கெட்டில் இரண்டு இருக்கும். மேடம் அதை ஒரு பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் போட்டு, மாமியார் வீட்டு நகை மாதிரி பத்திரப்படுத்தினார்.

எனக்கு விளக்கியும் சொன்னார். மார்பில் குத்துப்பட்டு ஓட்டை விழுந்தால், மூச்சு இழுக்கும்போது காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்துகொள்ளும். நுரையீரல் சுருங்கிப் போகும். அப்படியென்றால் பஞ்சர் ஒட்டுவது போல அடைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அடைத்துவிட்டால், கிழிந்த நுரையீரலிலிருந்து கசிகிற காற்றுக்கு வெளியே போக வழி இருக்காது. உள்ளேயே சேர்ந்து சேர்ந்து இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் என்றார். அதனால்தான் இந்த வில்லையின் நடுவில் வழி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற காற்று வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வர முடியாது. சைக்கிள் ட்யூபின் வால்வுக்கு நேர்மாறு. அது வரைக்கும் எனக்குப் பிரமாதமாகப் புரிந்தது. அடுத்து, ஒரு பாக்கெட்டில் ஏன் இரண்டு என்று மேடம் சொன்னார். அந்த நேரம் நான் ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்களுக்கு அந்த டப்பா ஒரு வேடிக்கை. சித்தூரில் யார் துப்பாக்கி தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்று கேட்பார்கள். மேடம் விரல் விட்டு எண்ணுவார்: கட்டடக் கம்பி, மாந்தோப்பு வேலி, மாட்டுக் கொம்பு. "இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா அண்ணா?"

அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் காலம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வண்டியின் பின்கண்ணாடியில் ஏற்கெனவே கல் பட்டு ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. மாற்றித் தரச் சொல்லி ஆபீசுக்கு மூன்று முறை எழுதிப் போட்டாயிற்று. படுத்திருக்கிற நோயாளியின் காலில் மழை சொட்டுகிறது. ஒரு தாத்தா, ஆஸ்பத்திரி போவதற்கு முன்பே ஏன் என்னைக் குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்த்தேன், நனைந்து உரிந்து வந்தது. அப்போதுதான் டப்பா நினைவுக்கு வந்தது. பாக்கெட்டில் இரண்டு இருக்கிறது, மனிதனுக்கு மார்பு ஒன்றுதான். ஆகவே ஒன்று உபரி என்று கணக்குப் போட்டேன். மேடம் சாப்பிடப் போயிருந்த நேரம் பாக்கெட்டை ஓரமாகக் கிழித்து ஒன்றை எடுத்தேன். மற்றொன்றை உள்ளேயே வைத்து மடித்து, டப்பாவை மூடிவிட்டேன்.

அது எப்படி ஒட்டியது என்கிறீர்கள்! ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அடையாளம் தெரியாமலிருக்க உட்பக்கம் அதன் மேல் நாமத்தை ஒட்டினேன். எங்கள் பக்கத்தில் நாமம் இல்லாத வண்டியைத்தான் எல்லோரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சாயங்காலம் மேடம் வந்து அதைப் பார்த்து, திடீரென்று என்ன பக்தி என்றார். தை பிறக்கப் போகிறது இல்லையா என்றேன்.

தை பிறந்தது. குடிபாலாவைத் தாண்டி ஒரு கிராமத்தில் காளை விடுகிறார்கள், ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று உத்தரவு. கொம்புகளில் அட்டையும் ஜிகினாவும் கட்டி, மாட்டைத் தெரு வழியாக ஓட விடுவார்கள். அட்டையை யார் பறிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அன்றைக்கு மீசை. மேடம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், என்னையும் இறங்காதே என்றார். நான் இறங்கினேன். ஓட்டத்தை முடித்துவிட்ட ஒரு காளை, தெருக்கோடியில் சவுக்குக் கட்டைகளால் போட்ட தடுப்பு ஓரமாகக் கட்டப்பட்டிருந்தது. சாதுவாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அதன் திமிலில் கை வைத்து, அடக்கியவன் போல முறைத்து, ஒரு செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்பினால் மாமியார் மறுபடி தெருவுக்கு அறிவிப்பார் என்று ஆசை. போனைத் தூக்கிப் பிடித்தேன். அந்த நொடி பார்த்து என் மனைவி கூப்பிட்டாள்.

என் போனில் ரிங்டோன் என்ன தெரியுமா? ஆம்புலன்ஸ் சைரன். நான்தான் வைத்தேன். ரொம்பத் தமாஷாக இருந்தது, அதுவரை.

மாட்டின் மேல் தப்பே சொல்ல மாட்டேன். காது பக்கத்தில் சைரன் அலறினால் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். அது கொம்போடு திரும்பிப் பார்த்தது. வலது பக்கம் விலாவில் யாரோ பலமாகத் தட்டியது போல இருந்தது. அடுத்த கணம் நான் தடுப்பின் மேல் மல்லாந்து கிடந்தேன். எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று சொல்லப் போனேன். வாயிலிருந்து வர வேண்டிய காற்று விலாவிலிருந்து வந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மஞ்சள் தூளோடு வந்தார், இன்னொருவர் காபித்தூள் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். மூன்றாமவர் சோடா குடுங்க என்றார். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க என்று ஒருவர் சொல்ல, ஆம்புலன்ஸே இவருதான் என்று இன்னொருவர் சொன்னார். இதற்குள் மேடம் டப்பாவோடு வந்துவிட்டார். முதலில் வெறும் கையுறைக் கையை என் விலாவில் அழுத்தினார். இன்னொரு கையால் சட்டையைக் கிழித்து, ரத்தத்தைத் துடைத்து, பாக்கெட்டிலிருந்த வில்லையை எடுத்து, நான் மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்து ஒட்டினார். உஸ் சத்தம் நின்றது. சுற்றி நின்றவர்கள் வேலை முடிந்தது என்று பெருமூச்சு விட்டார்கள். மேடம் மட்டும் என் முதுகுக்குக் கீழே கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தார். தோள்பட்டை எலும்புக்குக் கீழே வந்ததும் கை நின்றது.

தடுப்புச் சவுக்கின் கூர் நறுக்கு, விழுந்த வேகத்தில் பின்னாலும் குத்தியிருக்கிறது. எனக்கே தெரியவில்லை. மாடு போட்ட ஓட்டை ஒன்று, மரம் போட்ட ஓட்டை ஒன்று.

மேடம் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. நான் வானத்தைப் பார்த்தேன். அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவர் அதற்குள் கத்தரியை எடுத்துவிட்டார். காலி பாக்கெட்டின் உறையையே கத்தரித்து விரித்து, உட்பக்கம் சதையில் படும்படி முதுகில் வைத்து, நாலு பக்கமும் பிளாஸ்திரி போட்டு அழுத்தினார். அதில் வால்வு கிடையாது.

அடுத்த கஷ்டம், வண்டி ஓட்ட வேண்டியவன் ஸ்ட்ரெச்சரில் இருக்கிறான். பால் வேன் ஓட்டுகிற ஒருவர் முன்வந்தார். என்னைத் தலைமாட்டை உயர்த்திப் பாதி உட்கார்ந்த மாதிரி சாய்த்து, ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள். அப்படிச் சாய்ந்தால் முகம் எந்தப் பக்கம் பார்க்கும்? பின்கதவை. கண்ணாடியில் நாமம். நாமத்துக்குப் பின்னால் என் இரண்டாவது வில்லை, யாருக்கும் இல்லாத பாதுகாப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தூர் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். மேடமும் ஒருமுறை நிமிர்ந்து பின்கண்ணாடிப் பக்கம் பார்த்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

வண்டி கிளம்பியதும் மேடம் ஒரு கையை என் மார்பு வில்லை மேலும் இன்னொன்றை முதுகின் பிளாஸ்திரி ஓரத்திலும் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத சொல்லைச் சொன்னார். "மாட்லாடு அண்ணா."

பேசு என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாகப் போகிறவனுக்குப் பிடித்ததைக் கொடுப்பார்களே, அந்த வகையோ என்று பயந்தேன்.

"இன்னா மேடம் பேசறது?"

"இன்னா வேணா பேசு. ஆனா நிறுத்தாத."

விடுவேனா? மாஸ்க்குக்குள்ளிருந்தே ஆரம்பித்தேன். மாமியார், விமானம், சாம்பார்க் கிண்ணம், எல்லாம் வந்தது. இடையிடையே ஓட்டுகிறவருக்கு உத்தரவு வேறு. கியரை மாற்று நைனா, இது வண்டி, எருமை இல்லை, ஆர்ன் அடித்தால் நகராது, சைரனைப் போடு என்றேன். அவர் பொறுமையாக, "அதே சைரன்தானே அண்ணா உன்ன குத்துச்சி?" என்று கேட்டார். மேடம் சிரிக்கவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே மூச்சில் எத்தனை சொல் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பாதி வழியில் மாமியார் கதை இழுபட ஆரம்பித்தது. ஒரு வாக்கியம் இரண்டு துண்டானது. பிறகு ஒரு மூச்சுக்கு ஒரு சொல். மார்புக்குள்ளே யாரோ தலையணையைத் திணித்துக்கொண்டே போவது போல இருந்தது. "மாமியார்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குச் சொல்வதற்கு இருந்தது, சொல்ல மூச்சு இல்லை. நாமம் மங்கிக்கொண்டே போனது.

மேடம் வில்லையின் நடுவே உறைந்து வழியை அடைத்திருந்த ரத்தத்தைத் துடைத்தார். நான் மூச்சை விடும்போது அதன் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கினார். உஸ்ஸென்று ஒரு நீளமான சத்தம், பிரஷர் குக்கர் போல. உடனே மறுபடி அழுத்தி ஒட்டினார்.

"மாமியாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

"பிளேன்ல ஜன்னல் சீட்டு கேட்டாங்க மேடம்" என்றேன், முழுசாக.

அப்படி இன்னும் இரண்டு முறை. சொற்கள் குறைந்தால் ஓரத்தைத் தூக்குவார், காற்று போகும், கதை தொடரும். சித்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது நான் பால் வேன்காரரிடம் ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் விலா நடுவே குழாய் போட்டார். மேடம் டாக்டரிடம் முதலில் சொன்னது, "பின்னாடியும் ஒண்ணு இருக்குது சார்." பிறகு வெளியே போய்ச் சுவரோரமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று என் மனைவி சொன்னாள். 

நான் தேறி வேலைக்கு வந்தபோது மேடம் திருப்பதிக்கு மாறிப் போயிருந்தார், பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு. புதிதாக வந்த டெக்னீஷியன் நல்லவர், நான் சொல்வதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். என்னவோ ருசிக்கவில்லை. வண்டிக்கும் புதுக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். என் வில்லையும் நாமமும் பழைய கண்ணாடியோடு போயின. குற்றத்துக்கு இனிமேல் சாட்சி இல்லை. அதுதான் என்னை அரித்தது.

மூன்று வருஷம் கழித்து, போன மாசம், மேடம் போன் பண்ணி ஒருநாள் வகுப்புக்கு வரச் சொன்னார். பாடம் நடத்தவாக்கும் என்று இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். சட்டையைக் கழற்றச் சொன்னார். முப்பது பேர் எழுந்து வந்து என் மார்புத் தழும்பை உற்றுப் பார்த்தார்கள், குறிப்பு எழுதினார்கள், சிலர் போட்டோ எடுத்தார்கள். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. மேடம் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, விரலால் காற்றில் வட்டம் போட்டார்.

"திரும்பு அண்ணா."

திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் முப்பது பேரும் மறுபடி நோட்டைத் திறப்பது கேட்டது.

வகுப்பு முடிந்து கேன்டீனில் டீ வந்தது. மேடம் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுக் குடித்தார். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். மழையில் தொடங்கி, தாத்தாவின் கால் வழியாக, கண்ணாடியில் ஒட்டியது வரை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன். தெரியும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். அன்றைக்கு வண்டியில்தான் என்றார். நாமத்தின் ஓரம் கொஞ்சம் உரிந்திருந்ததாம், அதற்குப் பின்னால் பார்த்தாராம்.

எனக்கு அழுகை வருவது போல இருந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டேன். "அப்பவே ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமே மேடம், வழி பூராவும் அதையே பாத்துக்கினு வந்தேனே, இன்னாத்துக்கு சும்மா இருந்தே?"

மேடம் காலி கிளாஸை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"திட்டியிருந்தா நீ பேச்ச நிறுத்திருப்பே."